மீன் இல்லாத தொட்டி

அந்தத் தொட்டியில் மீன் இல்லை. வீட்டுக்குள் வந்த எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்கியபடி, "மாளு கோ?" என்றார். சிங்களத்தில், மீன் எங்கே என்று. "மாளு நே," என்றார் அக்கா. அவ்வளவுதான். விளக்கம் சொல்லமாட்டார். வந்தவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தால் மட்டும், "பொறுங்க, கண் பழகட்டும்," என்பார்.

கண் பழகினால் தெரியும். கைக்குள் அடங்குகிற ஒரு பாறை. அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாக விரிந்த வட்டங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி இமைமயிர் போன்ற தும்புகள். கீழே ஊதா நிறத்தில், ஈரமான காது போல மடிந்து கிடக்கும் காளான்கள். ஒரு மூலையில் புல்லைப் போல அசையும் இளம்பச்சை. எல்லாம் பவளம். எல்லாம் உயிர். தொட்டியின் கொள்ளளவு பன்னிரண்டு லீற்றர். பிள்ளைகளின் கொப்பி ஒன்றை விரித்து வைத்தால் மூடிவிடலாம். இவ்வளவு கொஞ்சத் தண்ணீரில் ஒரு மீனை விட்டால் அதன் கழிவே மிச்சம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால்தான் மீன் இல்லை. ஆனாலும் எங்கள் தொடர்மாடியில் அவருக்குப் பெயர் மீன்தொட்டி அன்ரி. நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

இப்போது அவர் அங்கே இல்லை. கால் உடைந்த பிறகு மூன்றாம் மாடி ஏற முடியாமல் கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இருந்த எங்கள் எதிர்வீட்டில் இப்போது வங்கியில் வேலை செய்யும் ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். நல்லவர்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவர்கள்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்தபோது மகளுக்கு ஏழு வயது. கணவர் தோஹாவில் குளிரூட்டி திருத்தும் வேலை. நான் ரியூசன் வகுப்புகளில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். குடிவந்த முதல் வாரம் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மெலிந்த பெண், ஐம்பத்தைந்துக்கு மேலிருக்கும், ஆண்பிள்ளை போல வெட்டிய தலைமயிர், ஒரு பெரிய வாளியில் மரத்துடுப்பால் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா செய்றீங்கள்?"

"கடல்," என்றார்.

வாளியில் உப்பு. பெட்டியில் வருகிற, இதற்கென்றே செய்த உப்பு. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, பாதையைத் தாண்டினால் கடல். ரயில் போகும்போது தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பு நடுங்கும். அவ்வளவு பக்கம். அங்கே ஒரு வாளி அள்ளினால் போதாதா என்று கேட்டேன். "அந்தத் தண்ணியில கால்வாய் விழுது. இதுங்களுக்கு ஒத்து வராது," என்றார். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாளியில் கடல் கரைக்கிற பெண்ணைப் பற்றிக் கட்டடத்தில் நிறையப் பகிடி இருந்தது. அவருக்கும் தெரியும். கலக்குவதை நிறுத்தமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் பஸ் ஏறி அங்கே போய்வருவார். எதிர்வீடு மெல்பேர்னில் இருக்கும் அவருடைய தம்பியுடையது. கல்யாணம் செய்யவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிக்கூட்டை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் அவருக்குப் புதிதாக ஒரு துண்டுப் பவளம் வந்தது. நீர்கொழும்புப் பக்கத்தில் தன் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிக் கொடுக்கிற ஒருவரிடமிருந்து, பொலித்தீன் பையில் தண்ணீரோடு. கல்லுப் பவளத்தை யார் கொடுத்தாலும் வாங்கமாட்டார். அது சட்டப்படி தொடக்கூடாத சாமான். இது மென்மையான வகை, பொத்தான் பவளம். பையை அப்படியே தொட்டியில் கொட்டப்போகிறார் என்று நினைத்து நின்று பார்த்தேன். அவர் துண்டை ஒரு கிண்ணத்தில் வைத்தார். தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கிண்ணத்துக்கு இழுத்து, குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சை இறுக்கினார். சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் அக்கா?"

"ஒன்றரை மணித்தியாலம். அது இருந்த தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. ஒரேயடியாப் போட்டா தாங்காது. சொட்டுச் சொட்டாச் சேர்த்தா தனக்கு என்ன நடக்குதுன்னே அதுக்குத் தெரியாது. பழகிரும்."

ஒன்றரை மணித்தியாலமும் உட்கார்ந்திருந்தார். நான் இடையில் போய்ச் சோறு வைத்துவிட்டு வந்தேன்.

அவருடைய வேலைகள் எல்லாம் அப்படித்தான். காலையில், ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவின் மட்டத்துக்குக் கொண்டுவருவார். தண்ணீர்தான் பறக்கும், உப்புப் பறக்காது. நாடாவுக்குக் கீழே போனால் மிச்சத் தண்ணீர் உப்புக் கூடிப்போகும். கிழமைக்கு ஒரு தரம் இரண்டு லீற்றர் எடுத்து இரண்டு லீற்றர் புதிது. கிழமைக்கு ஒரு தரம் ஒரு சிட்டிகை சாப்பாடு. வெளிச்சம் பத்திலிருந்து ஆறு வரை. "வெளிச்சம் கூடினாலும் நிறம் போகும், குறைஞ்சாலும் நிறம் போகும்," என்பார். ஒரு நாளில் ஒரு விசயத்தைத்தான் மாற்றுவார். வெளிச்சத்தைக் கொஞ்சம் உயர்த்திய நாளில் தண்ணீர் மாற்றமாட்டார். தண்ணீர் மாற்றிய நாளில் கல்லை நகர்த்தமாட்டார். பெரிய தொட்டியில் ஒரு பிழை விட்டால் தெரிய ஒரு கிழமை ஆகுமாம். இதில் பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும்.

ஆட்களோடும் அப்படித்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம், முடிவுகள் வந்தபோது நான் வகுப்பில் நின்றேன். மகள் எதிர்வீட்டில் இருந்தாள். அக்காதான் போனில் இலக்கத்தை அடித்துப் பார்த்திருக்கிறார். நான் வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே கதை நடந்துகொண்டிருந்தது.

"இந்த முறை பேப்பர் கஷ்டம்ன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா."

"ஓம் அன்ரி."

"கொழும்புக்கு வெட்டுப்புள்ளியும் கூட."

"ஓம்."

"சில நல்ல பிள்ளைங்களுக்கே..."

"அன்ரி," என்றாள் மகள். "நான் பெயில் எண்டு சொல்லுங்கோ. எனக்குப் பசிக்குது."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு கணம் பயந்தவரைப் போலத்தான் இருந்தார். பிறகு எழும்பிப் போய் மாரி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. அதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, காலி வீதியில் எல்லாவற்றுக்கும் வரிசை. தொட்டிக்குள் தண்ணீரைச் சுற்றவைக்கும் சின்னப் பம்பும் நின்றுபோகும். நின்ற தண்ணீர் சூடாகும், மூச்சுப் போதாது. அக்கா பற்றரியில் ஓடும் காற்றுக் குமிழி மெசின் ஒன்றை எங்கேயோ தேடி வாங்கினார். பற்றரி கிடைக்காத நாட்களில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றினார். விசிறி மட்டையால் விசிறினார். மத்தியானம் முழுக்க அதையே செய்வார்.

அப்படியும் இரண்டு காளான்கள் வெளுத்துப்போயின. ஊதா நிறம் முழுக்கப் போய், அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி.

"செத்துப்போச்சா அக்கா?"

"இல்ல. வெள்ளையானா செத்ததுன்னு இல்ல. தனக்குள்ள இருந்ததைத் துப்பிட்டுது. பசியோட இருக்கு. அவ்வளவுதான். தொந்தரவு குடுக்காம விட்டா திரும்பும்."

இரண்டில் ஒன்று திரும்பியது.

அந்த மின்வெட்டுக் காலத்தில்தான் அது நடந்தது. அன்றைக்குக் காலையில் என் கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. இருந்தாலும் பலனில்லை, மின்சாரம் போனால் கோபுரமும் செத்துவிடும், சிக்னல் வராது. அதனால் அவசரத்துக்கு என்று என் கணவர் தன் அறை நண்பனிடம் அக்காவின் வீட்டுத் தரைவழித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தார். நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

வகுப்பு முடிந்து பன்னிரண்டரைக்கு வந்தேன். அக்கா தன் வீட்டு வாசலில் நின்றார்.

"சாப்பிட்டீங்களா தங்கச்சி?"

"இல்லை அக்கா. இனித்தான்."

"நான் சமைச்சிருக்கேன். வாங்க."

அவர் யாரையும் சாப்பிடக் கூப்பிடுகிறவர் அல்ல. களைத்திருந்தேன், யோசிக்கவில்லை, போனேன். சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைகழுவிய பிறகு சொன்னார்: "தோஹாவில இருந்து கோல் வந்திச்சு. அவருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். பயப்பட ஒண்ணுமில்ல."

இரண்டு மணிக்கு மகள் பள்ளிக்கூட வானில் வந்து இறங்கினாள். இரண்டரைக்கு அக்கா, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம் என்றார். அந்தத் தொலைபேசியிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது, வருகிற அழைப்பு மட்டுந்தான். நான் அக்காவின் கைத்தொலைபேசியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கி எங்கேயாவது சிக்னல் வருகிறதா என்று கடற்கரை வரை நடந்து பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்தபோது நாலு மணி. "நெஞ்சு வலியாம்," என்றார் அக்கா. நான் போன நேரத்தில் இன்னொரு அழைப்பு வந்திருக்கும் என்று நினைத்தேன். "ஐசியூல வச்சிருக்காங்களாம்."

நான் கை கால் கழுவி, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். மகளையும் பக்கத்தில் இருத்தித் தேவாரம் பாடச் சொன்னேன். அவரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது, யாரிடம் கேட்பது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். தாளில் பதினொரு விசயங்கள் இருந்தன. ஐந்தரைக்கு அக்கா, "டொக்டர்மார் பெருசா நம்பிக்கை குடுக்கல்லையாம்," என்றார். பத்து நிமிடம் கழித்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி," என்றார். எனக்கு விளங்கியது.

ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ரிவி கத்தத் தொடங்கியது.

உடல் வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆனது. அறை நண்பன் கூடவே வந்தான். உடலோடு வந்த தாள்களில் இறந்த நேரம் எழுதியிருந்தது. அங்கே காலை ஏழு நாற்பது. இங்கே பத்துப் பத்து. நான் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தேன்.

"நீ எத்தனை மணிக்குக் கோல் எடுத்தனி?" என்று அவனிடம் கேட்டேன்.

"உடனேயே. பத்து இருபது இருக்கும். ஒருக்காத்தான் எடுத்தனான். அந்த அன்ரியிட்ட எல்லாம் சொல்லிட்டன்."

இரண்டாவது அழைப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அக்காவோடு கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. கோபம் என்று சொல்லவும் முடியாது, கோபத்துக்கு ஒரு சூடு வேண்டும். மாடிப்படியில் கண்டால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். வகுப்புக்குப் போனேன், வந்தேன். ஐந்தொகைக் கணக்குப் படிப்பித்தேன். மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். செத்துப்போன ஒருவருக்குச் சுகம் வரவேண்டும் என்று ஒரு முழுப் பின்னேரம் கும்பிட்டிருக்கிறேன் என்பது மட்டும் சில நேரம், பஸ்ஸில் நிற்கும்போது, ஞாபகம் வரும். அந்த நூற்றெட்டுத் தேங்காயை என்ன செய்வதென்று ஐயரிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, மழை ஈரத்தில் அக்கா மாடிப்படியில் விழுந்தார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் தூக்கிப்பிடித்து வாகனத்தில் ஏற்றும்போது என்னைத் தேடி, வீட்டுக் கதவுத் திறப்பை என் கையில் வைத்தார்.

"காலையில தண்ணி மட்டும். சிவப்பு நாடா வரைக்கும். போத்தல்ல இருக்கு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

முடியாது என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. திறப்பை வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது நாள் ஒழுங்காகச் செய்தேன். காலையில் போவேன், நாடா வரை தண்ணீர் விடுவேன். பத்து மணிக்கு விளக்குத் தானாக எரியும். வகுப்பு இல்லாத நாட்களில் அதுவரை நின்று பார்ப்பேன். இருட்டில் மூடிக் கிடந்தவை வெளிச்சம் வந்ததும் உடனே திறக்கமாட்டா. கால் மணித்தியாலம் எடுக்கும். முதலில் விளிம்பு மட்டும், பிறகு தும்பு தும்பாக. பச்சை, செம்மஞ்சள், பிறகு ஊதா. நான் ஒன்றும் நினைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டிக்கு மேலே சூடு தணிக்க ஒரு சின்ன விசிறி எந்நேரமும் சுற்றும். அதனால் தண்ணீர் வேகமாகக் குறையும்.

பத்தாம் நாள் என் கணவரின் ஆண்டுத் திவசத்துக்கு வேலைகள் தொடங்கின. அவருடைய அண்ணர் குடும்பம் வவுனியாவிலிருந்து வந்தது. சமையல், ஐயர், இலை, சாமான், ஆட்கள். மூன்று நாள் நான் எதிர்வீட்டுப் பக்கம் போகவில்லை. நினைவிருந்தும் நேரமில்லாமல் விட்டேன் என்று சொல்லலாம். அது உண்மையில்லை. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

நாலாம் நாள் கதவைத் திறந்தபோது மணம் வந்தது. அழுகிய நண்டின் மணம். தண்ணீர் நாலு விரலளவு கீழே இறங்கியிருந்தது. பம்ப் தண்ணீருக்கு மேலே நின்று, ஓடி ஓடி எரிந்துபோயிருந்தது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பாறையில் இருந்த வட்டங்கள் எல்லாம் சளி மாதிரி வழிந்து கிடந்தன. தண்ணீர் பால் நிறம். விளக்கு எரிந்து, எல்லாவற்றையும் நன்றாகக் காட்டியது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் இருந்து எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். முதலில், தண்ணீர் கொஞ்சம் குறைந்துபோனது என்று சொல்லலாம். பிறகு, ஒன்றிரண்டு மூடிக்கொண்டு இருக்கிறது என்று. நாளைக்குப் போய், கொஞ்சம் கூடிவிட்டது என்று. வீட்டுக்கு வருவதற்கு முன் மிச்சத்தை. பம்பலப்பிட்டி தாண்டும்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதும் தெரிந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் இன்னும் சிறுத்திருந்தது. என்னைக் கண்டதும் உட்கார்ந்து, "திவசம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். நாளை நினைவு வைத்திருந்தார்.

"அக்கா, தொட்டியில எல்லாம் செத்துப்போச்சு. நான் மூண்டு நாள் போகேல்லை. மறந்துபோனன்."

அவர் என்னைப் பார்த்தார். போர்வையைக் கையால் நீவி விட்டார். இன்னொரு தரம் நீவினார்.

"மணக்குதா?"

"ஓம்."

"யன்னலைத் திறந்து விடுங்க. வெறுங்கையால தொடாதீங்க, அதுல விசம் இருக்கு. சிங்க்குக்குக் கீழ கிளவுஸ் இருக்கு." பிறகு கேட்டார்: "பச்சையுமா?"

"எல்லாம் அக்கா."

தலையசைத்தார். பக்கத்துக் கட்டில்காரிக்குப் பிள்ளைகள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போயிருக்கலாம். ஒரு வருடமாக வாயில் இருந்தது அப்போதுதான் வந்தது.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க சாப்பிட்டிருக்கல்ல," என்றார். "சொல்லிட்டா இனி எப்ப சாப்பிடுவீங்களோன்னு தெரியாது. ஒரு நேரச் சோறாவது உள்ள போகட்டும்ன்னு நினைச்சேன். அதுக்குப் பிறகு சொல்லத்தான் இருந்தேன்."

"பிறகும் சொல்லேல்லையே."

"ஓம்." அவர் மணிக்கூடு இல்லாத மணிக்கட்டைத் தடவினார். "எனக்கு ஏலாமப் போச்சு. உங்களுக்காகன்னு மட்டும் சொன்னா அது பொய். வாயில வரல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் டொக்டர் ஒருத்தர், இந்த வீட்டுக்கு எடுத்து மகன் இறந்துட்டார்ன்னு சொல்லுன்னார். எனக்கு இருபத்தாறு வயசு. எடுத்து அப்பிடியே சொன்னேன். அந்தப் பக்கம் ரிசீவர் கீழ விழுந்திச்சு. லைன் கட் ஆகல்ல. அந்த அம்மா போடுற சத்தம் எல்லாம் எனக்குக் கேக்குது. வைக்கவும் ஏலல, இருக்கவும் ஏலல. கொஞ்ச நேரத்தால ஒரு சின்னப் பிள்ளை ரிசீவரை எடுத்து ஹலோன்னிச்சு. நான் வச்சிட்டேன். அதுக்குப் பிறகு முப்பது வருசத்தில நான் யாருக்கும் முழுசாச் சொன்னதே இல்ல. கொஞ்சம் சுகமில்ல, வந்துட்டுப் போங்க. அவ்வளவுதான் சொல்வேன். மிச்சத்தை டொக்டர் சொல்லிக்குவார். அன்னைக்கு டொக்டர் இல்ல."

நான் அவரை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"அவன் ரெலிபோனில என்ன சொன்னவன்? முழுக்கச் சொல்லுங்கோ. ஒரேயடியா."

"அந்தத் தம்பி உங்களுக்குச் சொல்லியிருப்பானே?"

"நான் கேக்கேல்லை. ஆரும் சொல்லவும் இல்லை."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் சொன்னார்.

"காலையில எழும்பி நல்லாத்தான் இருந்தாராம். தேத்தண்ணி குடிச்சாராம். வேலைக்குப் போக கட்டில்ல உக்காந்து சப்பாத்துப் போட்டுக்கிட்டு இருந்தாராம். ஒண்ணு போட்டுட்டார். மத்தது கையில. 'ஒரு நிமிசம் பொறுடா'ன்னு சொன்னாராம். சொல்லிட்டுச் சுவர்ல சாஞ்சாராம். இவன் பகிடின்னு நினைச்சு, பஸ் போகுது வாடான்னு கூப்பிட்டானாம். கையில இருந்த சப்பாத்து விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பிப் பாத்தானாம். அம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்ல. கஷ்டப்படல்ல தங்கச்சி. சத்தமே போடல்ல. அவ்வளவும்தான்."

சொல்லி முடித்தபோது அவருடைய உதடுகள் காய்ந்திருந்தன. நான் போத்தலைத் திறந்து கொடுத்தேன். பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தேன். மணி அடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டு யன்னல்களைத் திறந்து, கிளவுஸ் போட்டு, தொட்டியைக் காலிசெய்யத் தொடங்கினேன். மகள் வாசலில் வந்து நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வேலையை நிறுத்தாமல் அவளுக்குச் சொன்னேன். தேத்தண்ணி, கட்டில், சப்பாத்து, சுவர். ஒன்றையும் விடவில்லை. அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எந்தக் கால் சப்பாத்து அம்மா போட்டிருந்தவர்?"

"அது தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இடக்கால்," என்றாள். "அப்பா எப்பவும் இடக்கால்தான் முதல் போடுறவர்."

பதின்மூன்று வருடக் கல்யாணம். எனக்கு அது தெரியாது. கிளவுஸைக் கழற்றிவிட்டு, அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.